கம்பத்துக்கு ஒரு குடம்

"மிஸ்ஸி, இதை என்னத்திலை கரைக்கிறது?"

யோகேஸ்வரி கேட்டாள். அவள் கையில் நான் கொடுத்த உப்புக் கரைசல் பாக்கெட் இருந்தது. பக்கத்தில், சாக்கின் மேல் விரித்த பழைய சேலையில் அவளுடைய மகள் தர்ஷினி கிடந்தாள். ஆறேழு வயதுப் பிள்ளை. கண் உள்ளே போய்விட்டது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது.

பாக்கெட்டின் மேல் படம் போட்டு அச்சடித்திருந்தார்கள்: சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கவும். என் பையில் பாக்கெட்டுக்குப் பஞ்சமில்லை. அந்த அகதி முகாமில் இல்லாதது சுத்தமான தண்ணீர்தான்.

மூலையில் ஒரு குடம் இருந்தது. எட்டிப் பார்த்தேன். டீ நிறத்தில் குட்டைத் தண்ணீர்.

"இதையா குடிக்கறீங்க?" என்றேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று உறைத்தது. வேறு எதைக் குடிப்பார்கள்?

"காய்ச்சித்தான் குடுத்தனான் மிஸ்ஸி. மண்ணெண்ணெய் முடிஞ்சுது. விறகெல்லாம் மழையிலை நனைஞ்சு போச்சு," என்றாள்.

எனக்காகக் கொண்டுவந்திருந்த பாட்டில் தண்ணீரை எடுத்துக் கரைத்தோம். கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். பிள்ளை பாதியைக் கக்கியது, பாதியை விழுங்கியது. சேலை மறைப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீட்டில் யாரோ வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. என் பாட்டில் காலி.

மிஸ்ஸி

போன வாரப் பத்தியைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கிராமத்து நர்சுகள் ஏன் எப்போதும் எரிந்து விழுகிறீர்கள்?" நியாயமான கேள்விதான். மேட்டில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு, தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாய்க்கும் மாமியார்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வருகிறவள் சிரித்த முகமாக இருக்க வேண்டுமென்றால், அவளைக் காலண்டரில்தான் போட வேண்டும்.

நான் அப்போது பெரியநாயக்கன்பாளையத்துக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு ஊரில் வேலை பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் பேரன் பேத்தி எடுத்து நன்றாக இருக்கிறார்கள், இருக்கட்டும். நான் பிறந்ததும் அதே ஊர்தான். ஊர் என்றால் ஊருக்குள் இல்லை. ஓடைக்கு இந்தப் பக்கம், எங்கள் தெரு.

ஊரின் வடக்கு முனையில் மூடிக் கிடந்த பஞ்சு குடோன்தான் முகாம். மன்னார்ப் பக்கமிருந்து படகேறி வந்தவர்கள். சேலையையும் சாக்கையும் கட்டி ஒரே குடோனை வீடு வீடாகத் தடுத்திருந்தார்கள். ஒரு வீட்டில் இருமினால் பத்து வீட்டில் தூக்கம் போகும். முன்னாள் பிரதமரைக் குண்டு வைத்துக் கொன்றதற்குப் பிந்தின வருடங்கள் அவை. 'சிலோன்காரங்க' என்ற சொல்லையே ஜனங்கள் குரலைத் தணித்துச் சொன்னார்கள். கேட்டில் இரண்டு போலீஸ்காரர்கள். சாயங்காலமானால் எல்லாரையும் வரிசையில் நிறுத்தித் தலையை எண்ணுவார்கள்.

அவர்கள் நாட்டில் நர்சை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்களாம். எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஊருக்குள் நான் பண்ணையத்து ஆரோக்கியத்தின் மகள். எத்தனை பிரசவம் பார்த்தாலும் அதுதான் என் முகவரி. முகாமில் என் அப்பன் யார் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாருக்கும் அக்கறையுமில்லை. அதனாலேயோ என்னவோ, அங்கே மட்டும் நான் அதிகம் எரிந்து விழுந்ததில்லை.

பூட்டின குழாய்

அந்தக் கார்த்திகை மழைக்குப் பின்னால் வாந்திபேதி வந்தது. வழக்கமான பேதி இல்லை, புது விதக் காலரா, எங்கெங்கோ பரவிக்கொண்டு வருகிறது என்று பேப்பரில் போட்டார்கள். எங்கள் மேலிடத்துக்கு மட்டும் அந்தப் பெயரே ஆகாது. 'கடும் வயிற்றுப்போக்கு' என்றுதான் எழுத வேண்டும் என்று உத்தரவு. பெயரை மாற்றிக் கூப்பிட்டால் வியாதி கோபித்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

முதலில் படுத்தது ஊருக்குள். ஒரு சீர் விருந்தில் சாப்பிட்டவர்கள். பிறகுதான் முகாமுக்கு வந்தது. ஆனால் முகாமில் நெருக்கம் அதிகம், அதனால் வேகமாகப் பரவிற்று. யோகேஸ்வரியின் புருஷனை மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தோம். அங்கே வார்டு நிரம்பி, வராந்தாவிலும் பாய் விரித்திருந்தார்கள். முற்றின கேஸைத் தவிர வேறு யாரையும் அனுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊருக்குள் ஒரு பெரியவர் இறந்துபோனார். அன்றைக்கே பேச்சு திரும்பிவிட்டது. வியாதியைக் கொண்டுவந்தது முகாம்காரர்கள்தான். மறுநாள், ஊர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து முகாமுக்குப் போகும் குழாயின் வால்வுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். முகாம் பெண்கள் ஊர்க் குழாய்க்கும் வரக் கூடாது என்றார்கள். அப்புறம் அவர்களுக்கு மிச்சமிருந்தது குட்டைதான்.

பூட்டின் சாவி நாச்சிமுத்து ஐயாவிடம் இருந்தது. மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா, பஞ்சாயத்திலும் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் தோட்டத்தில்தான் என் அப்பா பண்ணையத்துக் கூலியாளாக இருந்தார். நான் கேட்கப் போனேன். வாசலில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். அப்பா காலத்தில் அதுவும் கிடையாது.

"ஐயா, தண்ணிய உட்டீங்கன்னாத்தான் வியாதி கொறையுமுங்க. பூட்டி வெச்சா அவங்க குட்டையத்தான் குடிப்பாங்க. அது சுத்தி நம்மூட்டுக்கே வருமுங்க," என்றேன்.

"நீ படிச்ச புள்ள அம்மணி. நீ சொல்றது செரியாத்தான் இருக்கும். ஆனா ஊருல எழவு உழுந்துபோட்டுது. சனங்க எங்கிட்ட வந்து நிக்கறாங்க. நா என்ன பதில் சொல்லோணும்?"

"எழவுக்கும் முகாமுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"எல்லாரும் அப்படித்தான் பேசிக்கறாங்க."

அவர் கெட்டவர் இல்லை. பயந்த மனிதர். ஆனால் சாவி பயந்தவன் கையில் இருந்தாலும் கெட்டவன் கையில் இருந்தாலும் பூட்டு ஒன்றுதான். எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு வந்தேன்.

எங்கள் டாக்டர் மேலிடத்துக்கு எழுதினார். ஒரு தண்ணீர் லாரி வந்தது. அதற்கப்புறம் வரவில்லை. எங்கள் தெருக் குழாயிலிருந்து இரண்டு கேன் பிடித்து மொபெட்டில் கட்டிக்கொண்டு போனேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி. முதல் கேனில் தர்ஷினிக்கு ஒரு பங்கு எடுத்து வைப்பேன். அதற்காக மற்றத் தாய்மார்களின் முகத்தைப் பார்க்காமல் திரும்புவேன். இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் அந்தப் பிள்ளை தாங்காது என்று எனக்குத் தெரியும். யோகேஸ்வரிக்கும் தெரிந்திருந்தது.

சாட்டு

ஊர் வேறு வழியில் யோசித்தது. மாரியாத்தாளுக்கு நோன்பு சாட்டிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். பங்குனியில் செய்ய வேண்டியதைக் கார்த்திகையில் செய்வதா என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். வியாதி பங்குனி வரைக்கும் காத்திருக்குமா என்று வேறு நாலு பேர் கேட்டார்கள். கோயில் முன்னால் மூன்று கிளை பிரிந்த மரக் கம்பத்தை நட்டார்கள்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கம்பம் நட்டுச் சாட்டுப் போட்டுவிட்டால், எல்லைக்குள் இருக்கிறவர்கள் நோன்பு முடிந்து கம்பத்தைப் பிடுங்கும்வரை வெளியூர் போய் ராத்தங்கக் கூடாது. விருந்தாளியாக வந்தவனும் சாட்டில் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான், இருந்து முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். மாமனார் வீட்டில் சிக்கிக்கொண்ட மாப்பிள்ளைகளின் கதை எங்கள் பக்கம் நிறைய உண்டு.

எல்லையைச் சுற்றித் தப்பட்டை அடித்து அறிவித்தால் சாட்டு. அடிக்கிறவர் எங்கள் ரங்கன் சித்தப்பா. அப்பா வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்தபோது வராமல் நின்றுகொண்டவர். சாட்டு எங்கள் தெருவுக்குள் வராது. தப்பட்டை மட்டும் எங்கள் தெருவிலிருந்து போகும்.

அன்று சாயங்காலம் சித்தப்பா சிரித்துக்கொண்டே வந்தார்.

"கேட்டியா ஸ்டெல்லா, இந்த வாட்டி குடோன் கேட்டுலயும் அடிக்கச் சொல்லிப்போட்டாரு நாச்சிமுத்து ஐயா."

"அங்க எதுக்குங்க சித்தப்பா?"

"அந்த ஆம்பளைங்க வெள்ளையடிக்கற வேலைக்குச் செவுரேறிக் குதிச்சுப் போறாங்கல்லோ, அதுக்குத்தான். போலீசுக்குப் பயப்படாதவன் ஆத்தாளுக்குப் பயப்படுவான்னு கணக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் தர மாட்டார்களாம், அடைத்து வைக்க மட்டும் ஆத்தா வேண்டுமாம்.

யோகேஸ்வரியின் யோசனை

மறுநாள் விடிந்ததும் கேனோடு போனேன். தர்ஷினி கண்ணைத் திறந்து பார்த்தாள், பேசவில்லை. யோகேஸ்வரி கரைசலைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

"நேற்று ஒருத்தர் வந்து கேற்றடியிலை மேளம் தட்டிப்போட்டுப் போனார். என்ன மிஸ்ஸி அது?"

"நோம்பு சாட்டியிருக்காங்க," என்றேன் எரிச்சலோடு. "இனி நீங்க ஒருத்தரும் வெளியூரு போயி ராத்தங்கக் கூடாது. கறி திங்கக் கூடாது. தாளிக்கக் கூடாது."

"தாளிக்க எங்களிட்ட என்ன கிடக்கு?" என்று லேசாகச் சிரித்தாள். "வேறை?"

"வெடியால எந்திரிச்சு தலைக்கு ஊத்தீட்டு, ஊட்டுக்கு ஒரு கொடம் தண்ணி எடுத்து, வேப்பந்தழை போட்டு, கொண்டுபோயிக் கம்பத்துக்கு ஊத்தோணும்."

"ஆர் ஊத்திறது?"

"சாட்டுக்குள்ள இருக்கற பொம்பளைங்க."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்களுக்கும்தானே தட்டினவை?"

அவள் தொடர்ந்தாள். "சாமிக்கு ஊத்திற தண்ணியைக் குட்டையிலை அள்ளலாமோ?"

"கூடாது. ஊர்க் கொழாயிலதான் புடிப்பாங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. காலிக் கேனை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

குழாயடியில்

அடுத்த நாள் காலையில் மேல்நிலைத் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் போடுகிற வேலை எனக்கு. தற்செயல்தான், நம்புங்கள்.

முகாம் பெண்கள் ஈரத் தலையோடு வரிசையாக வந்தார்கள். ஆளுக்கொரு குடம், குடத்து வாயில் வேப்பந்தழை. கேட்டில் தடுக்க வந்த போலீஸ்காரர்கள் தழையைப் பார்த்ததும் பூட்ஸ் காலோடு நிற்பதற்கே கூசி ஒதுங்கிக்கொண்டார்களாம். குழாயடியில் நின்ற ஊர்ப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, நாச்சிமுத்து ஐயா வந்தார். பின்னாலேயே அவர் சம்சாரம் சரசக்காவும் தன் குடத்தோடு வந்தார்.

"ஏனுங்க, உங்களை ஆரு இங்க வரச் சொன்னது?" என்றார் ஐயா. கோபத்திலும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு 'ங்க' போகாது.

"நீங்கதானே ஐயா தட்டிச் சொன்னது. சாட்டுக்குள்ளை இருக்கிறவை வீட்டுக்கு ஒரு குடம் ஊத்த வேணுமாம்," என்றாள் யோகேஸ்வரி. குரல் நடுங்கியது. குடம் நடுங்கவில்லை.

"அது... வெளிய போகக் கூடாதுன்னு சொன்னதுங்க."

"ஓம் ஐயா. ஒருத்தரும் போகேல்லை. அதைச் செய்தால் இதையும் செய்யத்தானே வேணும்?"

கூட்டத்தில் ஒருவன், வியாதிக்காரிகள் தொட்ட குழாயில் நாம் எப்படித் தண்ணீர் பிடிப்பது என்று குரல் கொடுத்தான். ஐயா அவனையும் பார்த்தார், இவர்களையும் பார்த்தார். அவரால் போகச் சொல்லவும் முடியவில்லை, பிடிக்கச் சொல்லவும் முடியவில்லை. பாவம், தன் வலையில் தானே விழுந்த மனிதரின் முகம் அப்படித்தான் இருக்கும்.

சரசக்கா தன் குடத்தை இறக்கி வைத்தார்.

"ஏனுங்க, ஆத்தாளுக்குன்னு கொண்டாந்த கொடத்த வெறுங்கொடமாத் திருப்பி உட்டா, அந்தப் பழி ஆரு மேல உழுகும்? சாட்டுனது நீங்க."

ஊரில் வீட்டுக்கு வீடு நோயாளி. ஆத்தாளிடம் வம்பு வைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல்? ஐயாவே குழாயைத் திருகிவிட்டு நகர்ந்து நின்றார்.

கம்பத்துக்கு ஊற்றிவிட்டுத் திரும்பியவர்களைச் சரசக்கா குழாயடியில் மறித்தார். "வெறுங்கொடத்தோட ஊட்டுக்குப் போகக் கூடாதுங்க. ஆத்தாளுக்கு ஒண்ணு, அடுப்படிக்கு ஒண்ணு. நெறச்சுட்டுப் போங்க." அப்படி ஒரு சாங்கியத்தை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. அங்கிருந்த ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எல்லாரும் ஆமாமாம் என்று தலையாட்டினார்கள்.

இடுப்பில் நிறைகுடத்தோடு யோகேஸ்வரி என்னிடம் வந்தாள். முகம் பூரித்திருந்தது.

"மிஸ்ஸி, உங்கட குடம் எங்கை?"

"நாங்க வேதக்காரங்க," என்றேன்.

அவள் தலையசைத்தாள். பிறகு, கம்பத்துக்கு வெகுதூரம் தள்ளித் தப்பட்டையோடு நின்ற ரங்கன் சித்தப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள், "எங்கட ஊரிலையும் எல்லாரையும் அள்ள விடாத கிணறு ஒண்டு இருந்தது மிஸ்ஸி."

குடத்தை ஏற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிள்ளை காத்திருந்தது.

பூ

இரண்டாம் நாளே குழாயடியில் கூட்டம் தாங்கவில்லை. ஐயா தானே போய் முகாம் வால்வின் சங்கிலியைக் கழற்றிவிட்டார். தண்ணீர் வந்ததும் என் பாக்கெட்டுகளுக்கு வேலை வந்தது. தர்ஷினி எழுந்து உட்கார்ந்தாள், பிறகு நடந்தாள். அவள் அப்பாவும் ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். ஒரு நாள் அந்தப் பிள்ளை ஒரு சொம்புத் தண்ணீரைத் தானே தூக்கிக்கொண்டு வந்து கம்பத்துக்கு ஊற்றியது. பாதி அதன் பாவாடைக்கு.

எனக்கு அடுத்த பயம் பிடித்தது. கம்பத்தைப் பிடுங்கினால் சாட்டு முடிந்தது. சாட்டு முடிந்தால் முகாம் மறுபடியும் வெளியாள். முகாமில் இன்னும் புதிது புதிதாக ஒன்றிரண்டு பேர் படுத்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி சங்கிலி போட்டால், மறுபடி குட்டை.

கம்பம் பிடுங்க ஆத்தாளிடம் பூக் கேட்க வேண்டும். பூசாரி சிலை மேல் பூவை வைப்பார். வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. வழக்கமான கெடு வந்தது. பூ விழவில்லை என்றார்கள். மறுபடி கேட்டார்கள், விழவில்லை. ஊர் முணுமுணுக்க ஆரம்பித்தது. ஒரு கல்யாணம் தள்ளிப்போயிற்று. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் பாக்கு ஏற்றிப் போகிறவர்கள் ராத்தங்க முடியாமல் அலைந்தார்கள். தாளிக்காத குழம்பைத் தின்று எல்லாருக்கும் நாக்குச் செத்துவிட்டது. ஐயா மட்டும் ஆத்தா மனசு வைக்கவில்லை என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் நான் கோயில் வழியாகப் போகும்போதெல்லாம் அவர் என் மொபெட்டை நிறுத்துவார்.

"அம்மணி, முகாமுல புதுசா ஆருக்காச்சும்?"

"ரெண்டு பேருங்க ஐயா."

"ம்."

அன்றைக்குப் பூ விழாது. அடுத்த தடவை, "ஒரு பெரியவருக்குங்க" என்பேன். அன்றைக்கும் விழாது. மூன்று தடவை இப்படி நடந்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. ஐயா ஆத்தாளிடம் பூக் கேட்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சந்தோஷம்தான், கூடவே கொஞ்சம் கோபமும்.

கடைசியில் ஒரு காலை அவர் கேட்டபோது, "ஒருத்தருக்கும் இல்லீங்க. ஒரு வாரமா இல்லீங்க," என்றேன்.

"ஊருக்குள்ள?"

"ஊருக்குள்ளயும் இல்லீங்க."

"அந்தச் சொம்புக்காரப் புள்ள?"

"பழைய சோறு கேட்டு அழுவுதாமாங்க."

தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். அன்று பூ விழுந்தது.

மறுநாள் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட எடுத்துப் போனார்கள். தப்பட்டைச் சத்தம் காதை அடைத்தது. நான் ரோட்டோரம் மொபெட்டைப் பிடித்தபடி நின்றேன். இனி சங்கிலி போடப் போகிறீர்களா என்று கேட்டுவிடுவது என்று, வேலை போனாலும் போகட்டும் என்று, வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன்.

ஐயா கூட்டத்தை விட்டு விலகி வந்தார். மடியிலிருந்து வால்வுச் சாவியை எடுத்தார். என் கையில் கொடுக்கவில்லை, மொபெட் சீட்டின் மேல் வைத்தார். எங்கள் தெரு ஆளுக்கு அந்த ஊரில் அது அப்படித்தான்.

"இது உங்கிட்டயே இருக்கட்டும் அம்மணி," என்றார். "எங்கிட்ட இருந்தா, நாளைக்கி நாலு பேரு வந்து நின்னாங்கன்னா, நா மறுக்காவும் பூட்டிப்போடுவேன்."